ஒரு வரி குறைந்த அட்டவணை: இராமானுஜனின் 6746328388800

ஆய்வுச் சுருக்கம்

சீனிவாச இராமானுஜன் 1915ஆம் ஆண்டு வெளியிட்ட உயர் பகு எண்கள் பற்றிய ஆய்வுக் கட்டுரையில் 102 எண்கள் கொண்ட அட்டவணை ஒன்று உள்ளது. அதன் இறுதி எண் 6746328388800. இந்த வரிசையில் இடம்பெற்றிருக்க வேண்டிய 293318625600 என்னும் எண் விடுபட்டுள்ளது. இறுதி எண்ணின் கணிதப் பண்புகளையும், விடுபட்ட எண்ணோடு அதற்குள்ள உறவையும் இக்கட்டுரை விளக்குகிறது. இராமானுஜன் பணிசெய்த முறையை அறிவதற்கு இந்த விடுபாட்டை ஒரு வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: இராமானுஜன், உயர் பகு எண், காரணி, பகா எண், கீழ்வாய் இலக்கம், கணித வரலாறு

முன்னுரை

இராமானுஜனைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட நூல்களிலும் கட்டுரைகளிலும் 1729 என்னும் எண் தவறாமல் இடம்பெறும். நோயுற்றுப் படுத்திருந்தவரைக் காண ஹார்டி வாடகை வண்டியில் வந்தது, வண்டியின் எண்ணைச் சொன்னது, உடனே இராமானுஜன் அதன் சிறப்பை விளக்கியது என அந்த நிகழ்ச்சி பள்ளிப் பாடநூல் வரை சென்றுள்ளது. நிகழ்ச்சி உண்மையே. ஆயினும் அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வதால், எண்கள் அவருக்கு முயற்சியின்றித் தாமே வந்து வாய்த்தன என்னும் எண்ணம் வாசகர் மனத்தில் வேரூன்றிவிட்டது. அவர் உட்கார்ந்து பெருக்கிப் பார்த்த எண்களைப் பற்றி நாம் குறைவாகவே எழுதியுள்ளோம்.

அத்தகைய எண்களுள் ஒன்று 6746328388800. நம் முறையில் சொல்வதானால், ஆறு இலட்சத்து எழுபத்து நான்காயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று இலட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. இலண்டன் கணிதக் கழகத்தின் நடவடிக்கைகள் இதழில் (இரண்டாம் வரிசை, 14ஆம் தொகுதி, பக். 347–409) வெளிவந்த கட்டுரையின் அட்டவணை இந்த எண்ணோடு முடிகிறது. இதை மட்டும் தனியே எடுத்து ஆராய்வதற்குக் காரணம் உண்டு. அட்டவணையில் இல்லாமல் போன ஓர் எண் இதற்குள் மறைந்திருக்கிறது.

எண்ணின் அமைப்பு

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் அதன் காரணிகள். 12க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு காரணிகள். 12க்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் இல்லை. இவ்வாறு தனக்கு முந்தைய எல்லா எண்களையும் விட மிகுதியான காரணிகளைக் கொண்ட எண்ணையே இராமானுஜன் உயர் பகு எண் என்றார். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று வரிசை தொடங்குகிறது. பகா எண்ணுக்கு இரண்டே காரணிகள். உயர் பகு எண் அதற்கு நேர் எதிர்முனையில் நிற்பது.

காரணிகளை எண்ண ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. எண்ணைப் பகா எண்களின் அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டி, கிடைத்தவற்றைப் பெருக்கினால் போதும். நம் எண்ணின் பிரிப்பு இது:

6746328388800 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

அடுக்குகள் 6, 4, 2, 2, பின்னர் ஐந்து ஒன்றுகள். ஆகவே காரணிகளின் எண்ணிக்கை 7 × 5 × 3 × 3 × 32, அதாவது 10080. இதைவிடச் சிறிய எந்த எண்ணும் பத்தாயிரத்து எண்பது காரணிகளைப் பெறவில்லை. 10080 என்னும் எண்ணும் ஓர் உயர் பகு எண்ணே. அதற்குக் காரணிகள் 72. அட்டவணையை அந்த எண்ணிக்கை வரையில் கொண்டுசென்று இராமானுஜன் நிறுத்திக்கொண்டார்.

அடுக்குகள் இடமிருந்து வலமாக ஏறாமல் வருவதைக் காணலாம். பெரிய பகா எண்ணுக்குப் பெரிய அடுக்கைக் கொடுத்தால் காரணி எண்ணிக்கை மாறாமல் எண் மட்டும் வீணே பெருகும் என்பதால், எல்லா உயர் பகு எண்களுக்கும் இது பொருந்தும். இடையில் எந்தப் பகா எண்ணையும் தாண்டிச் செல்லவும் முடியாது. இவை எளிதில் விளங்குபவை. எளிதில் விளங்காத ஒன்றையும் அவர் நிறுவினார்: கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1, விதிவிலக்கு 4, 36 ஆகிய இரண்டு மட்டுமே.

கட்டுரை தோன்றிய சூழல்

1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்தவர், 1913 ஜனவரி 16 நாளிட்டு ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914 மார்ச் 17 அன்று சென்னையிலிருந்து கப்பலேறினார். அடுத்த ஆண்டே இந்த நெடிய கட்டுரை வெளிவந்தது. 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆய்வின் அடிப்படையில் இளங்கலைப் பட்டம் வழங்கியபோது அதற்குத் தலையாய காரணமாக அமைந்ததும் இக்கட்டுரையே. சொந்த நாட்டில் கணிதம் தவிர்த்த பாடங்களில் தேறாமல் கல்லூரிப் படிப்பை இழந்தவருக்கு இது எத்தகைய ஆவணமாக இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஹார்டியின் மதிப்பீடு இருமுனை கொண்டது. பொருள் கணித ஆய்வின் முதன்மை நீரோட்டத்திலிருந்து சற்றே ஒதுங்கியது என்றார். அதைக் கையாண்ட நுண்மையைப் பற்றியோ ஐயத்துக்கு இடமின்றிப் பாராட்டினார். பிற்காலத்தில் பலரும் முதற்பாதியையே பிடித்துக்கொண்டு கட்டுரையைக் கடந்து சென்றனர். தமிழ் வாழ்க்கை வரலாறுகளில் இதற்குப் பெரும்பாலும் ஒரு வரிதான் கிடைக்கிறது.

விடுபட்ட எண்

2 முதல் 6746328388800 வரை உயர் பகு எண்கள் மொத்தம் 103. அட்டவணையில் இருப்பவை 102. இல்லாதது 293318625600, அதாவது 29,331 கோடியே 86,25,600. அதன் பிரிப்பு:

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

மேலே தந்த இறுதி எண்ணின் பிரிப்போடு இதை ஒப்பிட்டால் ஒரே வேறுபாடுதான். முன்னதில் 23 இருக்கிறது, இதில் இல்லை. விடுபட்ட எண்ணை 23ஆல் பெருக்கினால் அட்டவணையின் இறுதி எண் வந்துவிடுகிறது. காரணிகளின் எண்ணிக்கையும் சரிபாதி: 7 × 5 × 3 × 3 × 16 = 5040. அட்டவணையின் எல்லையாக அமைந்த எண்ணுக்குள்ளேயே விடுபட்ட எண் முழுமையாக அடங்கியிருக்கிறது. இது தற்செயல்தான் எனினும், ஆய்வாளருக்கு வசதியான தற்செயல்.

விடுபட்டது ஏன் என்பதை ஆராய, அக்கம்பக்கத்து எண்களைப் பார்க்க வேண்டும். இந்தப் பகுதியை இக்கட்டுரையாளர் அடுக்குகளை வைத்துக் கையாலேயே மீண்டும் கணக்கிட்டுப் பார்த்தார். கணினியில் நொடியில் முடிகிற வேலை அது. ஆனால் கையால் செய்யும்போதுதான் எங்கே கண் தவறுகிறது என்பது தெரிகிறது.

48886437600 வரையிலான உயர் பகு எண்கள் எவற்றிலும் 23 என்னும் பகா எண் இடம்பெறுவதில்லை. 64250746560 என்னும் எண்ணில் அது முதன்முறையாக நுழைகிறது. ஆனால் நுழைந்தவுடன் பழைய கூட்டம் விலகிவிடுவதில்லை. 19 வரையிலான பகா எண்களால் ஆனவையும் 23 வரையிலான பகா எண்களால் ஆனவையும் சில காலம் மாறிமாறி வருகின்றன. 64250746560 (காரணிகள் 3584) புதிய கூட்டம்; 73329656400 (3600) பழையது; 80313433200 (3840) புதியது; 97772875200 (4032) பழையது; 128501493120 (4096) புதியது; 146659312800 (4320) பழையது; 160626866400 (4608) புதியது. இவ்வளவு தூரம் ஊடும் பாவுமாக வந்த வரிசை இங்கே ஒழுங்கு மாறுகிறது. அடுத்து வரும் 240940299600 (4800) என்னும் எண்ணும் புதிய கூட்டத்தைச் சேர்ந்தது. பழைய கூட்டத்தின் கதை முடிந்துவிட்டது என்று யாரும் நினைக்கக்கூடிய இடம் இதுவே. அடுத்து அட்டவணையில் இருப்பது 321253732800 (5376), அதுவும் புதிய கூட்டமே. இவ்விரண்டுக்கும் நடுவில் 5040 காரணிகளோடு நிற்க வேண்டியது விடுபட்ட எண். பழைய கூட்டத்தின் கடைசி உறுப்பினர் அது. அதற்குப் பின் இறுதி எண் வரையிலும் 23 இல்லாத உயர் பகு எண் ஒன்றுகூட இல்லை.

அச்சுக் கோப்பவரின் கையிலோ படியெடுத்தபோதோ ஒரு வரி நழுவியிருக்கலாம் என்று வாதிடுவதும் இயல்வதே. ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட வரிகளுள், இரு கூட்டங்களும் பிரியும் சந்தியில் உள்ள வரியே நழுவியது என்பது, கணக்கிடும்போதே நேர்ந்த விடுபாடு இது என்று கருதவே இடமளிக்கிறது. விடுபட்ட பிறகு அதைக் கண்டுபிடிப்பதும் அரிது. 4800க்குப் பின் 5376 வருவதில் கண்ணை உறுத்தும் பிழை எதுவும் இல்லை. எண்களும் ஏறுகின்றன, காரணிகளும் ஏறுகின்றன. இருக்கும் வரிகளில் எதுவும் தவறில்லை. இல்லாத வரியை யார் சரிபார்ப்பது?

சூத்திரமும் சோதனையும்

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழும். இத்தனை ஆழமான தேற்றங்களை நிறுவியவர், அவற்றைக் கொண்டே அட்டவணையைப் பிழையின்றி அமைத்திருக்க முடியாதா? முடியாது. அதை அவரே கட்டுரையில் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார். அடுத்தடுத்த உயர் பகு எண்களைக் காணச் சோதித்துப் பார்ப்பதைத் தவிர வேறு முறை எதுவும் தமக்குத் தெரியாது என்பது அவர் கூற்றின் சாரம்.

அட்டவணையில் சில எண்களுக்கு மட்டும் உடுக்குறி இட்டுள்ளார். அவை மேம்பட்ட உயர் பகு எண்கள் என்று அவர் வகுத்த தனி இனம். இவற்றுக்குச் சூத்திரம் உண்டு. ஓர் அளவைத் தேர்ந்துகொண்டால் ஒவ்வொரு பகா எண்ணுக்கும் எத்தனை அடுக்கு என்பதைச் சூத்திரமே சொல்லிவிடும். ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் செல்ல ஏதேனும் ஒரு பகா எண்ணால் பெருக்கினால் போதும்: 2, 6, 12, 60, 120, 360, 2520, 5040, 55440. அட்டவணையின் எல்லைக்குள் இத்தகையவை 18. மற்ற 85 எண்களும் இவற்றுக்கு இடையிடையே கிடப்பவை. தேடித்தான் பிடிக்க வேண்டும்.

நமக்கு வேண்டிய இடத்தில் உடுக்குறி பெற்ற இரண்டு எண்கள் 13967553600, 321253732800. முன்னதை 23ஆல் பெருக்கினால் பின்னது. இரண்டுக்கும் இடையே 13 உயர் பகு எண்கள் உள்ளன. அவற்றுள் கடைசியானது, உடுக்குறி எண்ணுக்குச் சற்று முன்னால் நிற்கும் நம் விடுபட்ட எண். அது 13967553600ஐ 21ஆல், அதாவது 3ஆலும் 7ஆலும், பெருக்கினால் கிடைப்பது. புதிய பகா எண்ணை அழைக்காமல், கையிலிருக்கும் 3க்கும் 7க்கும் ஆளுக்கோர் அடுக்கு கூட்டிக்கொண்டு 23க்கு ஒரு விரற்கடை முன்னே வந்து நிற்கிறது. இத்தகைய எண்ணைச் சூத்திரம் காட்டித் தராது. அடுக்குகளைக் கூட்டியும் குறைத்தும் பார்க்கும் பொறுமைதான் காட்டித் தரும்.

சென்னை வாழ்க்கையில் தாள் வாங்க வசதியில்லாமல் பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதியவர் இராமானுஜன். குறிப்பேடுகளில் முடிவுகள் வழியின்றி நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். வழி தெரியாததால் வழியே இல்லை என்று பின்வந்தோர் கொண்டனர். விடுபட்ட அந்த ஒரு வரியில் மட்டும் பலகையின் ஓரம் நம் கண்ணில் படுகிறது.

இரு விளக்கங்கள்

இராமானுஜனின் ஆற்றலுக்குத் தமிழில் இரண்டு விளக்கங்கள் வழக்கில் உள்ளன. ஒன்று, நாமகிரித் தாயார் கனவில் அருளினார் என்பது. அவருடைய பக்தியை மறுப்பதற்கில்லை. குலதெய்வத்தின் அருளென்றே அவர் தம் கணிதத்தைப் பேசியதாக நெருங்கியவர்கள் கூறியுள்ளனர். ஆனால் அட்டவணையைப் பொறுத்தவரை அவரே எழுதிய சொல் ‘சோதனை’ என்பதுதான். ஆய்வாளர் அந்தச் சொல்லுக்குத்தான் முதலிடம் தரவேண்டும்.

மற்றொன்று, அவர் கணிதம் தமிழ் மரபுக் கணக்கின் தொடர்ச்சி என்பது. இதை உணர்ச்சியால் அன்றி எண்களால் சோதிக்க நல்வாய்ப்பு ஒன்று இருக்கிறது. பேரெண்களும் பகுப்பும் நம் கீழ்வாய் இலக்க வாய்பாட்டிலும் உண்டு. முந்திரி 1/320. கீழ்முந்திரி 1/102400. அதை 21 கூறிட்டது இம்மி, 1/2150400. பின்னர் 11, 7, 9, 5, 6, 7 எனக் கூறிட்டுச் சென்று மும்மி, அணு, குணம், பந்தம், பாகம், விந்தம் என வாய்பாடு இறங்குகிறது. விந்தம் என்பது 1/312947712000. இதன் பகுதி எண் விடுபட்ட எண்ணுக்கு அளவில் மிக நெருங்கியது; சற்றே பெரியதும்கூட. பிரித்துப் பார்த்தால் 2¹³ × 3⁴ × 5³ × 7³ × 11. காரணிகள் 14 × 5 × 4 × 4 × 2, அதாவது 2240. சிறிய எண்ணாகிய 293318625600 பெற்றிருப்பதோ 5040.

இந்த வேறுபாட்டைக் குறையாகக் கொள்வது பிழை. வாய்பாட்டை வகுத்தவர்கள் குறைந்த எண்ணில் மிகுந்த காரணிகள் வேண்டும் என்று கேட்கவே இல்லை. படிப்படியாகக் கூறிட்டுச் செல்வதே அவர்கள் நோக்கம். 320 என்பது நிலமும் நெல்லும் அளந்தவர்களுக்குப் பயன்பட்ட பாதியும் கால்பாதியுமான பகுப்பு. அதிலிருந்து இறங்கியதால் 2இன் அடுக்கு 13 வரை சென்றது. 13, 17, 19 ஆகியவற்றுக்கு விந்தம் வரை தேவையே எழவில்லை. (17 அடுத்த படியாகிய நாகவிந்தத்தில் வருகிறது.) இராமானுஜன் கேட்ட கேள்வி வேறு. கும்பகோணத்தில், துணிக்கடைக் கணக்கரின் மகனாக வளர்ந்தவர் காதில் இம்மியும் முந்திரியும் விழுந்திருக்கும் என்பதில் வியப்பில்லை. ஆனால் அவற்றிலிருந்து உயர் பகு எண்ணுக்கு ஒரு பாதை போட முற்படும் கட்டுரைகள், இந்த இரண்டு பிரிப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்திருந்தால் அவ்வளவு விரைந்திருக்கமாட்டா. மரபுக்கு இல்லாத பெருமையைச் சேர்ப்பது, அதற்கு உள்ள பெருமையையும் மறைத்துவிடுகிறது.

கட்டுரையின் மறுபாதி

அட்டவணையிலிருந்து ஒரு வரி விடுபட்டது போலக் கட்டுரையிலிருந்தே ஒரு பெரும்பகுதி விடுபட்டது. அப்போது இலண்டன் கணிதக் கழகம் பண நெருக்கடியில் இருந்ததால், இராமானுஜன் எழுதியது முழுவதும் அச்சேறவில்லை. அச்சேறாத பக்கங்கள் அழியாமல் கிடைத்தது நற்பேறு. 1988இல், ‘தொலைந்த குறிப்பேடு’ என வழங்கும் தாள்களின் ஒளிநகல் பதிப்பு வெளிவந்தபோது அவையும் அதில் இடம்பெற்றன. 1997இல் ஜான் லூயி நிக்கோலா, கீ ராபன் ஆகிய இரு பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் அவற்றை உரைக்குறிப்புகளோடு இராமானுஜன் பெயரிலேயே நடைபெறும் ஆய்விதழின் முதல் தொகுதியில் பதிப்பித்தனர்.

ஒதுங்கிய ஓடை என்று கருதப்பட்ட பொருள் எங்கே கலக்கிறது என்பது அப்பக்கங்களில் தெரிகிறது. காரணிகளின் எண்ணிக்கையோடு நில்லாமல் அவற்றின் கூட்டுத்தொகை எவ்வளவு பெருகலாம் என்பதையும் அங்கே அவர் ஆராய்கிறார். ரீமானின் கருதுகோள் உண்மை எனக் கொண்டு அதற்கு எல்லை காண்கிறார். அந்தப் பக்கங்கள் அச்சேறுவதற்கு முன்பே, 1984இல், கீ ராபன் வேறு வழியில் ஒரு முடிவை நிறுவியிருந்தார்: காரணிகளின் கூட்டுத்தொகை பற்றிய குறிப்பிட்ட சமனின்மை ஒன்று, ஒரு வரம்புக்கு மேற்பட்ட எல்லா எண்களுக்கும் பொருந்துமானால் ரீமான் கருதுகோள் உண்மை, பொருந்தாவிட்டால் பொய். அந்த வரம்பு எண் 5040. இராமானுஜன் உடுக்குறியிட்ட எண்களுள் எட்டாவது அது. 293318625600க்கு எதிரே அட்டவணையில் எழுதப்பட்டிருக்க வேண்டிய எண்ணும் அதுவே.